மூக்காண்டி வளர்த்த பிரின்ஸ்

மூக்காண்டி என்ற பெயரில் ஒரு விஞ்ஞானி இருப்பான் என்று எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. சென்னையில் அவனுடைய பேராசிரியரே முதல் நாளில், கட்டுரைகளில் போடுவதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாராம். "எங்க அய்யா கூப்பிடும்போது நான் திரும்பிப் பாக்கணும்லா சார்" என்று சொல்லிவிட்டான். இன்றைக்கும் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களில் அவன் மூக்காண்டிதான். வெள்ளைக்காரர்கள் அதை எப்படி உச்சரிப்பார்களோ, அது அவர்கள் பாடு.

நான் ஜெயசிங். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணியும் பெயிண்டும் விற்கிறவனுக்கு மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் என்ன சோலி என்று கேட்பீர்கள். என் தம்பி பிரின்ஸ் அந்த நோயில்தான் போனான். மூக்காண்டி அவனுடைய கூட்டாளி.

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பன்னிரண்டு முடியும்வரை இடம் மாறவில்லை. மூக்காண்டியின் அய்யா குளத்துப் பாசனத்தில் குத்தகைக்கு வயல் உழுதவர். நடவு நாட்களில் இவன் விடியற்காலையிலேயே வயலில் நின்றுவிட்டு, கணுக்காலில் காய்ந்த சேற்றோடு பள்ளிக்கூடத்துக்கு வருவான். எங்கள் அம்மா கொடுத்துவிடும் இட்லியில் பாதி அவனுக்குப் போகும். பதிலுக்குப் பரீட்சையில் அவனுடைய விடைகள் எல்லாம் பிரின்ஸுக்கு வரும். ஒரு காலாண்டுத் தேர்வில் என் தம்பி அவசரத்தில் பெயரையும் சேர்த்தே காப்பியடித்துவிட்டான். வகுப்பில் இரண்டு மூக்காண்டி பரீட்சை எழுதியிருப்பதைப் பார்த்து சார் பிரம்பை எடுத்தார். அடி இருவருக்கும் சமமாகக் கிடைத்தது.

அம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று எங்கள் கடை வாசலில் மோர்ப்பந்தல் போடுவோம். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் வேதக்காரர் கடை மோர் என்று யாரும் ஒதுக்கியதில்லை, அந்த வெயிலுக்கும் கூட்டத்துக்கும் வேதமாவது ஒன்றாவது. பிரின்ஸ் மோர் ஊற்றுவான், மூக்காண்டி டம்ளர் கழுவுவான். சாயங்காலம் இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வருவார்கள். வருடா வருடம் தொலைப்பார்கள். அப்போது எனக்கு எரிச்சலாக வரும். இப்போது தபசு வந்தாலே அந்த வெறுங்கால்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

பள்ளிக்கூடம் முடிந்ததும் பிரின்ஸ் புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் சேர்ந்தான். ஏலம் கூறுவதில் கெட்டிக்காரன், குரல் மண்டியைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்கும். மூக்காண்டி மதுரையில் படித்து, சென்னைக்குப் போய், மூளைப் புற்றுநோயை ஆராயும் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்தான். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் பிரின்ஸ் மூட்டையில் எலுமிச்சை கட்டிக் கொடுப்பான். தனியாக அறை எடுத்திருக்கிறவன் ஒரு மூட்டை எலுமிச்சையை வைத்து என்ன செய்வான் என்று அவன் யோசித்ததே இல்லை.

மூக்காண்டி படிப்பது என்ன என்று கடையில் உட்கார்ந்து எனக்கு ஒருமுறை விளக்கினான். நம் உடம்பின் செல்களுக்குள் டிஎன்ஏ இருக்கிறது. அதிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் நகல் எடுத்தால், அந்த நகல்தான் ஆர்என்ஏ. அதைப் பார்த்துச் செல் புரதம் செய்கிறது. ஆனால் நகல்களில் ஏராளமானவற்றிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. வெகு காலம் இவற்றைக் குப்பை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். மூக்காண்டி பிடித்துக்கொண்டது இந்தக் குப்பையைத்தான்.

"கல்யாண வீட்டுல ஒரு ஆளு நிப்பாருல்லா அண்ணாச்சி," என்றான். "கரண்டி பிடிக்க மாட்டாரு, இலை போட மாட்டாரு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அங்கனயும் இங்கனயும் நடப்பாரு. ஆனா எப்பச் சோறு வடிக்க, எப்பப் பந்தி வைக்க, எப்ப அடுப்பை அணைக்கன்னு அவருதான் சொல்லணும். புரதம் செய்யாத ஆர்என்ஏ அந்த மாதிரி ஆளு. புத்துநோயில அந்த ஆளுக்குக் கோட்டி பிடிச்சிருது. பந்தி முடிஞ்ச பெறகும் கிறுக்கன் மாதிரி அடுப்பை அணைக்க விடாம, இன்னும் வடி, இன்னும் வடின்னு நிக்கான்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒரு ஆள் உண்டு.

ஒருநாள் ஏலத்தின் நடுவில் பிரின்ஸுக்குச் சொல் வராமல் நின்றுபோனது. கையில் எலுமிச்சையை வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடினானாம். வெயில் என்று நினைத்தோம். ஸ்கேனில் இடது பக்க மூளையில் கட்டி தெரிந்தது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அகற்றும் கட்டிகளை, நோயாளி சம்மதித்தால், மூக்காண்டியின் ஆய்வகத்துக்கு அனுப்புகிற ஏற்பாடு இருந்தது. அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பிரின்ஸ்தான் விட்டு விட்டுப் பேசினான்.

"எடுத்துக்கோலே. பயாலஜி சார்... என் மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லைம்பாரு. இருக்குன்னு... அவருகிட்ட காட்டு."

கையெழுத்துப் போட்டு, மூக்காண்டி அந்தத் தாளோடு வெளியே போனதும் என்னைப் பார்த்தான். "அம்மாட்ட சொல்லாத. அவ தர மாட்டா," என்றான்.

ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கட்டி அதற்கெல்லாம் மசியவில்லை. மறு வருடம் ஆடித்தபசுக்கு மோர் ஊற்ற அவன் இல்லை.

அவன் போன பிறகும் அவன் கொடுத்தது சென்னையில் இருந்தது. கட்டியைப் பொடியாக நறுக்கி, அதன் செல்களைக் குடுவையில் சத்துநீர் ஊற்றி மூக்காண்டி வளர்த்தான். குடுவையில் பெயர் எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும். ஆனாலும் எங்கள் இருவருக்கும் அது பிரின்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், அம்மா அடுப்படியில் இருக்கும்போது போன் போடுவேன்.

"பய எப்படி இருக்கான்?"

"மந்தமாத்தான் இருக்கான் அண்ணாச்சி. நேத்துத்தான் தண்ணி மாத்தி விட்டேன்."

"திங்கானா?"

"திங்கான். வளரத்தான் மாட்டேங்கான்."

"பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானலே இருந்தான்."

இருவரும் சிரிப்போம். போனை வைத்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எந்த வேலையும் ஓடாது. தம்பி சென்னையில் வேலைக்குப் போயிருப்பது போலவும், சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று கூட்டாளியிடம் விசாரிப்பது போலவும் இருக்கும். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவனே கூப்பிட்டான். "அண்ணாச்சி, பய வேகமெடுத்துட்டான். ரெண்டே நாளுல குடுவை நெறைஞ்சிருது." அன்றைக்குக் கடைப் பையன்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தேன். தம்பியைக் கொன்ற கட்டி செழிப்பாக வளர்கிறது என்று அல்வா வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் வேறு எங்கே அவனுடையது எது வளர்ந்தது? கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. அது ஒன்றுதான்.

வேகமெடுத்த அந்தச் செல்களில்தான் மூக்காண்டி தன்னுடைய கோட்டிக்கார ஆளைக் கண்டுபிடித்தான். புரதம் செய்யாத ஒரு நீண்ட ஆர்என்ஏ, அளவுக்கு மேல் கிடந்தது. அதை அமுக்கிவிட்டு, பிரின்ஸுக்குக் கொடுத்த அதே மருந்தை ஊற்றியபோது செல்கள் செத்தன. கட்டுரை வந்தது, டாக்டர் பட்டம் வந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். பிளெக்ஸ் பேனரில் அவன் முகத்தை எவனோ ரோஸ் நிறமாக்கியிருந்தான். மூக்காண்டியே வீட்டுக்கு வந்து அம்மாவை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தான்.

மேடையில் அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது. "இந்தப் பட்டம் என்னுடையது மட்டும் இல்லை. என் நண்பன் பிரின்ஸ் தன் மூளைக் கட்டியை எனக்குக் கொடுத்தான். அந்தச் செல்கள் இன்றும் எங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன," என்றான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள், அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. அவள் சந்தோஷப்படுவாள் என்று அவன் நிஜமாகவே நினைத்திருக்கிறான். இவ்வளவு படித்தவனுக்கு எங்கள் அம்மாவைத் தெரியவில்லை.

எங்கள் அப்பா தங்கப்பழத்துக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு பாதத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தாங்களே அப்புறப்படுத்துவதாகச் சொன்னதை அம்மா கேட்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி வந்து, கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்ப இடத்தில் ஜெபம் பண்ணிப் புதைத்தாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிப்பாங்க. இவ என் காலைப் போட்டுல்லா பிடிச்சிருக்கா," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு அவரையும் அந்தக் காலை ஒட்டியே வைத்தோம்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "உனக்குத் தெரியுமாலே?"

"தெரியும். அது மூளை இல்லம்மா, வெறும் கட்டி."

"உங்கய்யா காலும் அழுகுன காலுதான். தூரவா போட்டேன்? கடைசி நாளுல எக்காளம் ஊதி செத்தவங்கள எழுப்புதப்போ அவரு நொண்டிக்கிட்டு எந்திரிக்கக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன். எம்புள்ள மண்டையில பள்ளத்தோட எந்திரிக்கணுமா? எனக்கு அது வேணும். நான் இருக்கும்போதே அவன்கூட வச்சிரணும்."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு அவளே மூக்காண்டிக்குப் போன் போட்டாள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "தாரேம்மா. கல்லறைத் திருநாளுக்குக் கொண்டு வாரேன்," என்றான். ஆய்வகத்திலும் அனுமதி கொடுத்துவிட்டார்கள், குடும்பம் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானாம். குடுவை குடுவையாக இருக்கிறதே, ஒரு கரண்டி கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நானும் நிம்மதியானேன்.

கொடுப்பதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். குடுவையில் இருக்கும் செல்களின் டிஎன்ஏயை, ஆபரேஷன் அன்று எடுத்து வைத்திருந்த பிரின்ஸின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தான். செல் வளர்க்கிறவர்கள் அவ்வப்போது செய்ய வேண்டிய சோதனை அது. இவர்கள் ஆரம்பத்தில் செய்ததோடு விட்டிருந்தார்கள். "கல்லறையில வைக்கதுல்லா, ஒரு தடவை பாத்துருவோம்," என்று என்னிடம் சொன்னான்.

மத்தியானம் ஒரு ஆளுக்குக் குழாய் அளந்துகொண்டிருந்தபோது அவன் போன் வந்தது.

"அண்ணாச்சி, அது பிரின்ஸ் இல்லை."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். அந்த ஆய்வகத்தில் வேறொரு செல் வகையும் வளர்க்கிறார்கள். எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரருடைய கட்டி, உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருப்பது, அசுர வேகத்தில் வளர்வது. ஒரே மேசையில் இரண்டையும் கையாண்டபோது அதில் ஒரு துளி இதில் விழுந்திருக்கிறது. அது பெருகி இதை அமுக்கிவிட்டது. பிரின்ஸ் வேகமெடுத்துவிட்டான் என்று நாங்கள் குதித்தோமே, அந்த மழைக்காலத்திலேயே குடுவைக்குள் பிரின்ஸ் இல்லாமல் போயிருக்கிறான்.

"வயக்காட்டுல பொறந்தவன் நான்," என்றான் மூக்காண்டி. "களையைப் பயிருன்னு நெனச்சு வளத்திருக்கேன் அண்ணாச்சி." சொல்லிவிட்டு அழுதான்.

எனக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஞாயிறு தவறாமல் நான் நலம் விசாரித்தது, திங்கானா என்று கேட்டது, அல்வா வாங்கியது எல்லாம் எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கு. குழாயை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். தம்பியை மறுபடியும் குழிக்குள் இறக்கியது போல இருந்தது. இந்த முறை எப்போது செத்தான் என்றுகூடத் தெரியவில்லை.

மூக்காண்டி அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னான். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினான். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அமைதியாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டாராம்.

ஒரே ஒரு வழி பாக்கியிருந்தது. ஆரம்பத்தில், செல்கள் மந்தமாக இருந்த காலத்தில், கொஞ்சத்தைக் குப்பிகளில் உறைய வைத்திருந்தான். அதில் கடைசியாக இரண்டு கிடந்தன. ஒன்றை உருக்கிச் சோதித்தான். அது பிரின்ஸ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செல்கள் பிழைக்கவில்லை. இன்னொரு குப்பிதான் மிச்சம். அது பிழைத்து வளர்ந்தால், தான் கண்டுபிடித்ததாக நினைத்தது பிரின்ஸ் விஷயத்தில் மெய்யா பொய்யா என்று முதலிலிருந்து பார்க்கலாம். அம்மாவிடம் கொடுத்துவிட்டால் அத்தோடு சரி.

"அந்த வெள்ளைக்காரனுதுல ஒரு கரண்டி கொண்டா. அம்மைக்கு என்ன தெரியப் போகுது," என்றேன்.

அவன் என்னிடம் கோபப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். "அங்கன எவனையோ பொதைச்சுட்டு, நான் எந்த மூஞ்சியோட அண்ணாச்சி அவன் கல்லறைக்கு வெள்ளையடிக்க வருவேன்?"

வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு வந்து வெள்ளையடிப்பது அவன்தான். அவன் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

இந்த வருடம் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போது மடியோடு ஒரு தெர்மாகோல் பெட்டியை அணைத்திருந்தான். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஐஸ்கிரீமா தம்பி என்று கேட்டாராம். வீட்டில் அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, முன்னறையில் தயாராக இருந்தாள். சாயங்காலம் குருவானவர் வருவதாக ஏற்பாடு. மூக்காண்டி முதலில் அவளிடம் நடந்ததை எல்லாம் சொன்னான். களையை வளர்த்தது, பட்டத்துக்குக் காரணமான கட்டுரை போனது, மிச்சம் இது ஒன்றுதான் என்பது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. தனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லேன்டா என்று எனக்கு உள்ளே கொதித்தது.

பெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்தது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குப்பியை எடுத்துக் காட்டினான்.

"இம்புட்டுதானா?" என்றாள் அம்மா.

"இம்புட்டுதாம்மா."

"கையில குடு."

"கை வெந்துரும்மா, அம்புட்டுக் குளிரு." அவசரமாக ட்ரை ஐஸுக்குள் திரும்ப வைத்தான்.

"ஏம்லே இந்தக் குளிருல போட்டு வச்சிருக்க? அவனுக்குத்தான் குளிரு ஆகாதே."

"குளிரு இல்லைன்னா செத்துரும்மா."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "செத்துருமா? அப்ப இப்ப?"

"உயிரோடதான் இருக்கு. ஒறங்குத மாதிரி."

இது அவளுக்குப் புதிது. அப்பாவின் கால் வெட்டி எடுத்தபோதே செத்த கால். இதையும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

"இப்ப வெளிய எடுத்து வச்சா?"

"கொஞ்ச நேரத்துல செத்துரும். அதுக்குப் பெறகு பொதைச்சிரலாம்."

"வளத்தா?"

"பொழைச்சாலும் பொழைக்கும், பொழைக்காமலும் போவும். நிச்சயமில்லம்மா."

"பொழைச்சா அதை வச்சு நீ என்ன செய்வ?"

"அது எதுக்குச் சாகும்னு பாப்பேன்."

"எம்புள்ள அம்புட்டு மாத்திரை முழுங்கினான். அப்பமே சாகலையே."

"சாகலம்மா. அதைச் சாக விடாம ஒண்ணு தாங்கிக்கிட்டு நிக்குன்னு நெனைக்கேன். அதை அமுக்கிட்டுக் குடுத்தா சாகுதான்னு பாக்கணும். பாத்துட்டேன்னு நெனச்சேன். நான் பாத்தது வேற ஆளுது."

அம்மா குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். புகையில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. மகனுடைய சதையைப் பார்க்கிற முகமாக அது இப்போது இல்லை. வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கிப்போனவனை, பிடித்துக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"எம்புள்ளையைக் குழிக்குள்ள வச்சு எம்புட்டு வருசமாச்சு," என்றாள் மெதுவாக. "இது இன்னும் சாகலையா?"

அம்மா பெட்டியின் மூடியை எடுத்து அவளே மூடினாள். இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு பெட்டியை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இதை எம்புள்ள பக்கத்துல வைக்க மாட்டேன். கொண்டு போ."

"அம்மா..."

"கொண்டு போய் வள. நல்லாத் தீனி போட்டு வள. அதுக்குப் பெறகு கொல்லு." மூடியை இன்னொரு முறை அழுத்தினாள். "அது சாகுத அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடு மக்கா. அதுக்கு முந்தி நான் சாக மாட்டேன்."